குளோரியோசம் செடியோட தண்டு அழுகுது, காப்பாத்த முடியுமா?

கேள்வி: ஃபிலோடெண்ட்ரான் குளோரியோசம் வாங்கி மூணு மாசம் ஆச்சு, சாயக்கூடாதுன்னு தண்டை மண்ணுக்குள்ள புதைச்சு வச்சேன், இப்ப அடி கருத்து கொழகொழன்னு இருக்கு, புது இலையும் சுருள்லயே காயுது. அந்த வெல்வெட் இலைக்காகவே ஆசையா வாங்கினதுங்க.

பதில் 1: புதைச்சதுதாங்க பிரச்சனை. இது கொலம்பியா காட்டுல தரையில ஊர்ந்து போற செடி, ஏறாது, தண்டு மண்ணுக்கு மேலதான் கிடக்கணும், வேர் மட்டும் உள்ள போனா போதும். கருத்த பகுதியை சுத்தமான கத்தியால நல்ல சதை தெரியிற வரைக்கும் வெட்டிட்டு, வெட்டுன இடம் காஞ்சதும் ஈர ஸ்பேக்னம் பாசி மேல படுக்க வைங்க.

பதில் 2: அடுத்த தொட்டி நீளமா வாங்குங்க, ஊர இடம் வேணும்ல. ஏசி காத்து படுற இடத்துல வைக்காதீங்க.

கேட்டவர்: வெட்டிட்டேன், ரெண்டு கணு பச்சையா இருக்கு! ரொம்ப நன்றிங்க.