ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்தா அடுத்து என்னன்னு கேளுங்க (யாங்கோன் அனுபவம்)

எங்க அத்தைக்கு வயசு 61, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. பித்தப்பையில கல்லு இருக்கான்னு பாக்க ஸ்கேன் எடுத்தோம், கல்லு இல்ல, ஆனா ஃபேட்டி லிவர்னு, அதாவது ஈரல்ல கொழுப்பு சேந்திருக்குன்னு ஒரு வரி எழுதியிருந்துச்சு. அத பாத்த டாக்டர் நாங்க எல்லாரும் நிக்கும்போதே "குடிப்பழக்கம் உண்டா"ன்னு கேட்டாரு. கோயிலும் வீடுமா இருக்கிறவங்க, அத்தைக்கு முகமே வாடிப்போச்சு. கேக்கவேண்டிய கேள்விதான், ஆனா தனியா கேட்டிருக்கலாம், எதுக்கு கேக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் எண்ணெய குறைங்க, இது எல்லாருக்கும் இருக்கிறதுதான்னு அனுப்பிட்டாங்க.

சுகர் பாக்குற டாக்டரம்மாதான் அத விடல. கொழுப்பு இருக்குறத விட ஈரல் தழும்பாகுதான்னுதான் பாக்கணும்னாங்க. வயசு, ஏஎஸ்டி, ஏஎல்டி (ரெண்டும் ரத்தத்துல பாக்குற ஈரல் என்சைம்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு எண்ணிக்கை), இந்த நாலையும் வச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு, போன்லயே போட்டுட்டாங்க, புதுசா ரத்தம்கூட எடுக்கல. 1.3க்கு கீழ வந்தா பெரும்பாலும் பயமில்ல (65 தாண்டினவங்களுக்கு 2), 2.67க்கு மேல போனா ஈரல் டாக்டர்கிட்ட போகணும். அத்தைக்கு நடுவுல வந்துச்சு, அதனால ஈரல் எவ்ளோ விறைச்சிருக்குன்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, ஊசி கிடையாது, விலா மேல வச்சு லேசா தட்டுற மாதிரி இருக்கும் அவ்ளோதான். கூடவே மஞ்சக்காமாலை பி, சி (ஹெபடைடிஸ் வைரஸ்) ரெண்டும் டெஸ்ட் பண்ணாங்க, நம்ம பர்மாவுல அது இருக்குறவங்க நெறைய பேரு, அத பாக்காம ஃபேட்டி லிவர்னு மட்டும் முடிவு பண்ணக்கூடாதாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, அச்சடிச்ச டயட் பேப்பர கைல குடுக்காம அத்தை என்ன சாப்பிடுறாங்கன்னு உக்காந்து கேட்டாங்க பாருங்க அதுதான். டீக்கடை டின் பால் டீ, காலையில மொஹிங்காவோட (பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ்) பொரிச்சது, ராத்திரி ஒரு தட்டு சோறு எல்லாம் வெளிய வந்துச்சு. மொஹிங்காவ விடச் சொல்லல, பொரிச்சதையும் டின் பாலையும் விட்டுட்டு சோத்த பாதியாக்கச் சொன்னாங்க. எடையில 5 சதவீதம் குறைஞ்சா கொழுப்பு இறங்கும், 7 தாண்டினா ஈரல்ல இருக்குற வீக்கம் குறையும், 10 குறைஞ்சா தழும்பே ஆற வாய்ப்பிருக்குன்னு சொன்னப்புறம்தான் அத்தை கண்டோஜி ஏரிக்கு நடக்க வர சம்மதிச்சாங்க. காரணம் புரிஞ்சா வயசானவங்களும் செய்றாங்க, வெறும் "எடைய குறை"ன்னா யாரு கேப்பா.

— மோல்மேன்ல இருந்து ஒரு பதில்:
எங்க பெரியப்பா ஃபேட்டி லிவர்னு கேட்டதும் கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திட்டாரு, ஈரல கெடுத்துரும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். டாக்டர் திரும்ப ஆரம்பிச்சு விட்டாரு. ஃபேட்டி லிவர்காரங்க ஈரலால சாகுறத விட மாரடைப்புலதான் அதிகம் சாகுறாங்க, அந்த மாத்திரைய சும்மா நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாரு. அதுக்கு பதிலா அவரு குடிச்சிட்டிருந்த பேர் தெரியாத மூலிகை கஷாயத்ததான் நிறுத்தச் சொன்னாரு.

— இன்னொரு பதில்:
என் தம்பி ஒல்லி, அவனுக்கும் வந்துச்சுங்க. நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோட சேத்து பாக்குற எடைக் கணக்கு) 23 தாண்டினாலே கவனிக்கணுமாம், அவனுக்கு வயிறு மட்டும் முன்னாடி தள்ளியிருக்கும். அக்கா, ஏஎல்டி நார்மலா இருந்தா ஃபைப்ரோஸ்கேன் தேவையில்லையா?

— அத்தைக்கும் ஏஎல்டி நார்மல்தான் தம்பி. அத மட்டும் வச்சு விட்டுடாதீங்க, ஃபிப்-4 போடச் சொல்லி கேளுங்க. பிளேட்லெட் ரிப்போர்ட்டும் கையோட எடுத்துட்டு போங்க.