ஆங்கிலப் பேப்பரில் நம் மீனவர்களுக்கு என்ன பெயர்?

தங்கச்சிமடத்துக்காரன்:
மகள் பத்தாவது படிக்கிறாள். ஆங்கிலம் பழகட்டும் என்று இந்தியப் பேப்பர் ஒன்று, இலங்கைப் பேப்பர் ஒன்று தினமும் போனில் படிக்கச் சொல்வேன். நேற்று வந்து, "போச்சிங்னா யானை, புலியைத் திருட்டுத்தனமா வேட்டையாடுறதுதானேப்பா, நம்ம ஆளுங்களுக்கு ஏன் அதைப் போட்டிருக்கு?" என்றாள். பக்கத்தில் என் தம்பி கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான், எல்லை தாண்டியதாக இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இலங்கைக் கடற்படை நம் ஆட்களைப் பிடித்த ஒரே சம்பவத்தை இலங்கைப் பேப்பர் போச்சிங் என்கிறது, நம் பக்கத்து ஆங்கிலப் பேப்பர் 'ஸ்ட்ரே' என்கிறது, தமிழில் 'சிறைபிடிப்பு'. எது சரி?

பாம்பன் பாலம்:
அண்ணே, போச்சிங் என்றால் கோர்ட்டுக்குப் போகும் முன்பே ஆள் திருடன். ஸ்ட்ரே என்பது மாடு வழிதவறிப் போவதற்குச் சொல்வது, இரக்கமாகத் தெரிந்தாலும் அதுவும் பொய், விசைப்படகுகளில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்கிறது, கோடு எங்கே என்று டிரைவருக்குத் தெரியும். அப்புறம் 'இலங்கைக் கடல்' என்று ஏதோ ஆதியிலிருந்தே அப்படி இருந்த மாதிரி எழுதுவார்கள். பாக் நீரிணையில் அந்தக் கோடு 1974 ஒப்பந்தத்தில் போட்டது, மன்னார் வளைகுடாவில் 1976இல். என் தாத்தா கச்சத்தீவில் வலை காயப்போட்டவர். இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும், படிக்கிறவனுக்கு விஷயமே வேறு மாதிரித் தெரியும்.

மண்டபம் முகாம்:
கோபப்படாமல் படியுங்கள். என் மாமாக்கள் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் மீன்பிடித் தொழில் செய்கிறார்கள். அங்கத்தைய தமிழ்ப் பேப்பரில் இது 'அத்துமீறல்', 'இழுவைமடி'. இழுவைமடி என்றால் விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் பை வலை, வழியில் விரித்திருக்கும் வலையையும் அறுத்துக்கொண்டு போய்விடும். கடனுக்கு வாங்கிய வலையை மாமா இரவில் விரித்துவிட்டு வந்தார், விடிந்து போனால் மிதப்புக் கட்டை இரண்டுதான் மிச்சம். 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்தது இதனால்தான். நம் பக்கத்து ஆங்கிலச் செய்திகள் பலவற்றில் மடியைப் பற்றிப் பேச்சே இருக்காது, விசைப்படகு முதலாளி, கூலிக்குப் போனவன், நாட்டுப்படகுக்காரன் எல்லாரும் வெறும் 'ஃபிஷர்மென்'. எனக்குப் போச்சிங்கைவிட இதுதான் பெரிய குறை.

தங்கச்சிமடத்துக்காரன்:
மண்டபம் தம்பி, சொன்னது உறைத்தது. இரண்டு பதிலையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "டிரைவர் ஓட்டினான், நான் கூலிக்கு மடி இழுத்தேன், கோடு தாண்டினது தெரியும், அதை அப்படியே எழுதச் சொல்லு" என்றான். மகள் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறாள். 'மடி'க்கு என்ன சொல் போடுவது என்பதில் நிற்கிறாள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.