விரிசலா, வலைவரியா? ஒரு சொல் வேண்டும்

மண்கை: நண்பர்களே, ராக்கு என்னும் ஜப்பானிய மட்பாண்ட முறைக்கான பட்டறைக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் சூட்டில் செக்கச்செவேலென்று இருக்கும் கிண்ணத்தை இடுக்கியால் எடுத்து, மரத்தூள் டப்பாவில் போட்டு மூடுகிறார்கள். ஆறும்போது மேலிருக்கும் மெருகு (கண்ணாடிபோன்ற பூச்சு) மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி மயிரிழையாய்ப் பிளக்கிறது. கரி உள்ளே இறங்கிக் கறுக்கிறது. இந்தப் பிளவை ஆங்கிலத்தில் 'கிராக்கிள்' என்கிறார்கள். நான் 'விரிசல்' என்று எழுதினேன். பட்டறைக்காரர் முகம் சுளித்தார். பத்து வருடம் ஒரே அளவில் காபிக் கோப்பை வனைந்து, இப்படிப் பிளந்ததையெல்லாம் உடைத்துப் போட்டவர் அவர். இப்போது அதற்காகவே சூளையருகே காத்திருக்கிறார். "விரிசல் விட்ட பானையை எவன் வாங்குவான்?" என்கிறார்.

பழஞ்சுவடி: 'வரி' இருக்கிறதே, வரிப்புலிபோல! வலையாகப் பரவுவதால் 'வலைவரி'. நிற்க, சூளை என்ற சொல் புறநானூறு 228-இலேயே புகையோடு வருகிறது. சுள்ளி, சுள்ளென்ற வெயில், சூளை எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. அப்படியே ராக்குவையும் 'இன்கலம்' ஆக்கலாம். ஜப்பானிய மொழியில் ராக்கு என்றால் இன்பம்தானே.

கடைத்தெரு: ஐயா, வரி என்றால் எனக்கு ஜிஎஸ்டிதான் நினைவுக்கு வருகிறது. 'கிராக்கிள்' என்றே விடுங்கள். ராக்கு குடும்பப் பெயரும்கூட. 16-ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூவுக்குத் தேநீர்க் கிண்ணம் செய்த குயவர் சோஜிரோவின் வழி வந்த குடும்பம் அது. குடும்பப் பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா?

யாழ்வாசி: மரத்தூள் டப்பா அந்தக் குடும்பத்து வழக்கம் இல்லை. 1960-இல் கலிபோர்னியாவில் பால் சோல்ட்னர் என்ற மட்பாண்டக் கலைஞர் தொடங்கியது. கையேட்டில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். அப்புறம், மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் குறைந்து நடக்கும் வேதிமாற்றத்தை ('ரிடக்‌ஷன்') 'ஒடுக்கம்' என்று எழுதியிருப்பீர்கள். எங்கள் வேதியியல் புத்தகத்தில் அது 'தாழ்த்தல்'. ஒடுக்கம் என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம் வரும்.

பழஞ்சுவடி: தாழ்த்தலும் நல்ல சொல்லா என்ன?

சுடுமண்: ஒரே பிளவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் உண்டு, பிழையென்றால் 'கிரேசிங்', வேண்டிச் செய்தால் 'கிராக்கிள்'. நாமும் பிழைக்கு விரிசல், வேண்டியதற்கு வலைவரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைத்தெரு: பானைக்கு எப்படித் தெரியும், வேண்டிச் செய்ததா இல்லையா என்று?

மண்கை: சரி, நேரமில்லை. வலைவரிக்கு நான்கு பேர், கிராக்கிளுக்கு இரண்டு பேர். 'வலைவரி' என்றே போட்டு, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் சேர்க்கிறேன். பட்டறைக்காரரிடமும் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, நான் கோடுன்னுதான் சொல்லுவேன்" என்றார்.

பழஞ்சுவடி: கோடு என்றால் வளைவு என்றும் பொருள், கொம்பு என்றும் பொருள். நாளை விரிவாக எழுதுகிறேன்.