வலி போய்விட்டது, மாத்திரை வேண்டாம் என்கிறார் அம்மா

அம்மாவுக்கு 67 வயது. போன மாதம் குனிந்து வாளியைத் தூக்கியபோது முதுகில் சுளீர் என்றது. சுளுக்கு என்று நினைத்து, தைலம் தேய்த்தே பத்து நாளை ஓட்டிவிட்டோம். எக்ஸ்ரே எடுத்தால் ஒரு முள்ளெலும்பு அமுங்கியிருக்கிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு டி ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.9. ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய் என்றார்கள். முன்பு கைக்கு எட்டிய மேல்தட்டு டப்பாவை இப்போதெல்லாம் என்னைத்தான் எடுத்துத் தரச் சொல்கிறார். உயரம் குறைந்திருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு போட்டதும் நெஞ்சு எரிகிறது என்று நிறுத்திவிட்டார். "தேய்மானம்தானே, வயசானா வர்றதுதான். கால்சியம் போதும்" என்கிறார். போதுமா?

பதில் 1
போதாது. 58 வயதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் நான். இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மூட்டு தேய்ந்தால் வலிக்கும். இது எலும்பு உள்ளுக்குள் புரையோடிப்போவது, உடையும்வரை சத்தமே வராது. எலும்பைச் சில செல்கள் கரைத்துக்கொண்டே இருக்கும், சில நிரப்பிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைய, கரைப்பவற்றின் கை ஓங்கிவிடும். மாத்திரை அவற்றைத்தான் அடக்குகிறது. கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டியவைதான், ஆனால் அந்த வேலையைச் செய்யாது. டி ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே இந்த நோய்தான். அம்மாவுக்கு முள்ளெலும்பு வேறு உடைந்திருக்கிறது, அடுத்தது உடையும் ஆபத்து இப்போதுதான் அதிகம்.

அது சரி, மாத்திரையை எப்படிப் போடுகிறார்?

கேட்டவர்
காலையில் காபியோடு, கால்சியம் மாத்திரையும் சேர்த்து. அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்வார்.

பதில் 1
அடடா, மூன்றுமே தப்பு! வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். காபியும் கால்சியமும் சேர்ந்தால் மருந்து உடம்பில் சேராது. படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். அதற்கு முன்பு வேறெதுவும் வாயில் போடக் கூடாது. ஆனால் எரிச்சல் வந்திருப்பதால் டாக்டரிடம் சொல்லாமல் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம்.

பதில் 2
ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் டிரிப் இருக்கிறது. சிறுநீரகமும் ரத்தத்தில் கால்சியமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்று டெனோசுமாப் ஊசி சொன்னால் தேதியைத் தவறவே விடாதீர்கள். என் அக்கா நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அதை விட்டார். கடைசி ஊசி போட்டு ஓராண்டுக்குள் இரண்டு முள்ளெலும்புகள் உடைந்தன. நிறுத்துவதாக இருந்தால் பதிலுக்கு வேறு மருந்து கொடுத்துத்தான் நிறுத்துவார்கள், அது எங்களுக்குத் தெரியாது.

கேட்டவர்
நாளை டாக்டரிடம் போகிறோம். அரை மணி நேரம் சும்மா உட்கார முடியாதாம், துணி மடிக்கிறேன் என்கிறார். சரி என்றேன். ஆடுகிற பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 1
உண்டு. இந்த மருந்துகளால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும். பல் டாக்டரிடமும் எலும்பு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் முதலில் பல்லை முடிக்கச் சொல்வார்கள். துணி மடிக்கட்டும், கீழே கிடக்கும் கூடையைக் குனிந்து தூக்காமல் மேஜையில் வைத்துக் கொடுங்கள்.