புதுப்பிப்பு: கோடை இசைவிழாவுக்குப் போய் வந்தாச்சு

முதல் முறையாக எங்கள் பக்கத்துத் திறந்தவெளி இசைவிழாவுக்குத் தனியாகப் போகிறேன், எங்கே நிற்பது, என்ன எடுத்துப்போவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய் வந்தேன்.

காதடைப்பான் கொண்டுபோகச் சொன்னவருக்குத் தனி நன்றி. கூச்சப்பட்டு முதலில் பையிலேயே வைத்திருந்தேன். மேடைக்கு முன்னால் நின்றதும் டிரம்ஸ் அடி காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது! கைப்பேசிச் செயலி 100 டெசிபல் காட்டியது. அது அவ்வளவு துல்லியமில்லைதான். ஆனாலும் காதுக்குக் கேடில்லாமல் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், 100-க்கு வெறும் 15 நிமிடம்தான் கணக்கு. நுரைத் துண்டை விரலால் உருட்டிச் செருகிக்கொண்டேன். பாட்டு லேசாக மங்கியது, இரைச்சல் நன்றாகவே அடங்கியது.

அப்புறம் ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் மேசைக்குப் பின்னால் நகர்ந்தேன். ஒலிப்பொறியாளர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தானே எல்லாவற்றையும் சரிசெய்கிறார்? அங்கே பாடகியின் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. இன்னும் பின்னால் போனால் ஒரு வேடிக்கை: டிரம்ஸில் குச்சி விழுவது முதலில் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. 100 மீட்டரைக் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகிறதே!

தொப்பியை மறந்தது என் தப்பு. பின்கழுத்து இன்னும் எரிகிறது.

சரி, இன்று மாலையும் நிகழ்ச்சி இருக்கிறது. விழாவின் நுழைவுக் கைப்பட்டையை நான் இன்னும் கழற்றவில்லை.