வாசகசாலைக்கு வருபவர்களின் விவரங்கள்: எளிய தமிழில் ஒப்புதல் படிவம் இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து ஒரு சின்ன வாசகசாலை நடத்துகிறோம். வருகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் வாசலில் இருக்கும் நோட்டில்தான், அடுத்து வருகிற யாரும் புரட்டிப் பார்க்கலாம், அதுவும் பெண்களின் நம்பர்கள் அப்படித் திறந்து கிடப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இப்போது அதைக் கணினியில் ஏற்றப் போகிறோம். காகிதத்தோடு நிற்கும் விவரத்துக்கு 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது, ஆனால் கணினியில் ஏற்றிவிட்டால் பொருந்தும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், எங்களுக்கு வருவதோ பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்! அறிவிப்பைத் தமிழிலும் தர வேண்டும் என்கிறது சட்டம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் தமிழ்ப் படிவம் யாரிடமாவது இருக்கிறதா? புத்தகம் இரவல் தர முகவரி அவசியமா, நம்பர் மட்டும் போதாதா? அப்புறம், பழைய நோட்டுகளை எப்படி அழிக்கிறீர்கள்? பழைய பேப்பர் கடைக்குப் போடுவதாக இல்லை. நூலகம், டியூஷன் சென்டர் நடத்துகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.