பழைய டாடா 407-க்கு வீட்டிலேயே பிரேக் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முதலில் என் கதை. ஊர் சங்ககிரிப் பக்கம். அப்பா ஓட்டிய 407 சின்ன லாரி சில வருஷமாகக் கொட்டகையில் நின்றுவிட்டது. எடுக்கலாம் என்று ஏறி உட்கார்ந்தால் பெடல் நேராகத் தரையைத் தொட்டது. "பட்டறைக்குக் கொண்டுவாங்க, பார்த்துத் தர்றேன்" என்றார் மெக்கானிக். பிரேக் இல்லாத வண்டியை எப்படிக் கொண்டுபோவதாம்? நானும் தம்பியும் வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பின் டிரம், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம், லேசில் கழலவில்லை. பெடலை மிதித்தால் உள்ளிருந்து விரிந்து அதை அழுத்திப் பிடிப்பதுதான் ஷூ. ஷூ உரசி உரசி உள்பக்கம் தேய்ந்து, டிரம் வாயோரத்தில் ஒரு வரம்பு நின்றிருக்கும்; ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை உள்ளே இறக்கிவிட்டு, சுற்றிலும் சுத்தியலால் தட்டத் தட்ட வந்தது. உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரெசர் காற்றும் அடிக்காதீர்கள். ஷூ மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் வெளிப்பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. ஓரத்து ரப்பர் மூடியை நகத்தால் விலக்கியதும் டிகாஷன் நிறத்தில் ஆயில் ஒழுகியது. பிஸ்டன் துருவோடு ஒட்டிக் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓடாமல் நிற்கிற வண்டியில் அந்த ஈரமே சிலிண்டரின் உள்சுவரை அரித்துவிடும். மெல்லிய துரு என்றால் நைஸான எமரி பேப்பரில் போய்விடும். நகத்தை வைத்து இழுக்கும்போது பள்ளம் தட்டுப்பட்டால் புது சிலிண்டர்தான். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கிட்டை மாற்றினாலும் அந்தப் பள்ளம் வழியாகக் கசியும்.

நம் ஆட்களுக்கு எதையும் டீசலில் அலசினால்தான் திருப்தி. பிரேக் ரப்பருக்கு டீசல், பெட்ரோல், இன்ஜின் ஆயில் மூன்றுமே ஆகாது, உப்பிவிடும். நாங்கள் புது பிரேக் ஆயிலிலேயே கழுவினோம். லைனிங் ரிவெட் அடிப்பதையும் டிரம் கடைவதையும் மட்டும் லேத்துக்குக் கொடுத்தோம்.

அப்புறம் ஏர் எடுக்கும் வேலை, அதாவது ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். தம்பி மேலே, நான் கீழே. "மிதிடா... பிடிச்சுக்கோ." "பிடிச்சுட்டேண்ணா." சக்கரத்துப் பக்கம் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்தால் அதில் குழாய் மாட்டி வைத்த பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக வரும், மூடிய பிறகுதான் அவன் காலை எடுக்கலாம், முந்தினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

பெடல் கெட்டியாக வந்துவிட்டது. ஆனால் காலை எடுத்த பிறகும் முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் சுற்ற மறுத்தது. ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர் எல்லாம் புதுசு. மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு என்றால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொள்ளாதே! நிப்பிளை லேசாகத் திறந்தேன். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விட்டது. ஆக, போன ஆயில் திரும்பி வர வழியில்லை. அந்தச் சக்கரத்துக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே ஒரு வெடிப்புகூடக் கிடையாது. உள்ரப்பர் உப்பி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது, ஷூ ஸ்பிரிங்கின் பலத்துக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது. என் கட்சி இதுதான்: நின்ற வண்டியில் ரப்பரைக் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டாம், மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

* * *

தம்பி, ரப்பரைச் சொன்னீர்கள், சரி. ஆயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் லோடு ஓட்டி ஓய்ந்தவன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு தடவை பாரத்தோடு இறங்கும்போது மாற்று டிரைவர் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தான். பாதி மலையில் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. சின்ன கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மலைப்பக்கமாக ஒதுக்கிக் கல்லைக் கொடுத்தோம். பீடி பிடித்து முடிப்பதற்குள் வேர்வை அடங்கவில்லை. ஆறிய பிறகு மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி நிற்கிறது! கீழே பட்டறையில் காட்டினால், "நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள்.

டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அது 140 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் உள்ளே ஆவி; ஆவியை மிதித்தால் அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. ஆறினால் ஆவி மறுபடி ஆயிலோடு சேர்ந்துவிடும், ஒரு தடயமும் இருக்காது. டப்பாவில் குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டே போகாமல், பழைய ஆயில் முழுவதையும் வெளியே தள்ளிவிடுங்கள்.

* * *

மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரை யாரும் சொல்லவில்லையே? இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை மிதித்து மிதித்து விடுங்கள். காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டருக்குச் செலவழிக்கும் முன் அதற்கு உறிஞ்சு பலம் கொடுக்கும் வேக்கம் பம்பையும் அதிலிருந்து வரும் ஹோஸையும் பாருங்கள்.

அண்ணா, 407-க்கு மாஸ்டர் சிலிண்டர் கிட் ஈரோட்டில் வாங்கினீர்களா, சேலத்திலா? எங்கள் வண்டிக்கும் வேண்டும். அடுத்த மாதம் எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) இருக்கிறது.